லிஸ்டட் கட்டடம் வாங்கித் தமிழ்ப் பள்ளிக்கூடமாக்க நினைக்கும் சங்கங்களுக்கு

திறப்புக் கைக்கு வந்த முதல் சனிக்கிழமையே சிரமதானம் வைத்தோம். நாற்பது பேர் வந்தார்கள். பின்னேரத்துக்குள் ஒன்பது மரவாங்குகளைக் கழற்றி வெளியில் அடுக்கியாயிற்று. உப்பிப் பெயர்ந்திருந்த சுவர்ப்பூச்சை இரண்டு இளைஞர்கள் உளியால் தட்டி இறக்கினார்கள். மத்தியானம் எல்லோருக்கும் புட்டும் சம்பலும். அடுத்த கிழமை கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது: லிஸ்டட் கட்டடத்தில் அனுமதியில்லாமல் வேலை நடந்திருக்கிறது, உடனே நிறுத்தி விளக்கம் தரவும்.

லிஸ்டட் என்றால் மரபுப் பெறுமதிக்காகத் தேசியப் பட்டியலில் சேர்த்துச் சட்டம் பாதுகாக்கும் கட்டடம். இங்கிலாந்தில் அதில் அனுமதியில்லாமல் கைவைப்பது குற்றம். 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி வரம்பில்லாத தண்டம், இரண்டு வருடம் வரை சிறை. ‘தெரியாமல் செய்துவிட்டோம்’ என்பது எடுபடாது. வாங்குகளைக் குப்பைக்கு அனுப்பாமல் வைத்திருந்ததால் தப்பினோம். அவற்றைத் திரும்பப் பொருத்தி, சுவரைச் சுண்ணாம்பில் பூசி, கவுன்சில் அலுவலர் எங்களை மறுபடி நம்பத் தொடங்குவதற்குள் ஏறத்தாழ ஒரு வருடம் போய்விட்டது.

எங்களுடையது விக்டோரியா காலத்துச் சிற்றாலயம். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம், மற்ற நாட்களில் நூலகமும் முதியோருக்கு மதியச் சாப்பாடும் என்பது திட்டம். இப்போது நடக்கிறது. ஆனால் ஒழுங்கு தெரியாமல் இறங்கியதால் பட்ட பாடு கொஞ்சமல்ல. கீழே எழுதுவது இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் சட்டம் வேறு.

1. விலை பேச முதல் பட்டியலைப் பாருங்கள்

ஹிஸ்டோரிக் இங்லண்ட் நிறுவனம் பராமரிக்கும் தேசியப் பட்டியலை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். கட்டடங்களுக்கு மூன்று தரம்: ஒன்று, நட்சத்திரக் குறியிட்ட இரண்டு, வெறும் இரண்டு. பத்தில் ஒன்பதுக்கு மேல் தரம் இரண்டுதான். சங்கங்களின் கைக்கு எட்டுவதும் பெரும்பாலும் அதுதான். தரம் கூடினால் கவுன்சிலோடு ஹிஸ்டோரிக் இங்லண்டும் உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும்.

இங்கே முதல் பொறி. பட்டியலில் உள்ள குறிப்பு முகப்பை மட்டும் விவரித்திருக்கும். விற்பனை முகவர் ‘முன்பக்கம் மட்டும்தான் லிஸ்டட், உள்ளே என்னவும் செய்யலாம்’ என்பார். நம்பாதீர்கள். பதிவில் ஒரு பகுதி வெளிப்படையாக விலக்கப்பட்டிருந்தால் தவிர, உள்ளும் புறமும் முழுக் கட்டடமும் பாதுகாப்பில் உள்ளது. பொருத்தப்பட்ட வாங்கு, படிக்கட்டு, கதவு, சுவர்ப்பூச்சு எல்லாம் சேர்த்தி. வளவுக்குள் 1948 ஜூலை 1 இற்கு முன் கட்டிய மதிலும் கொட்டிலும் கூடச் சேரலாம்.

அடுத்தது, முந்திய சொந்தக்காரர் செய்துவிட்டுப் போன வேலை. அவர் அனுமதியில்லாமல் பிளாஸ்டிக் யன்னல் போட்டிருந்தால், அதைக் கழற்றிப் பழையபடி மரத்தில் செய்யச் சொல்லிக் கவுன்சில் உங்களுக்கே அறிவித்தல் அனுப்பலாம். இதற்குக் காலவரையறை இல்லை. முப்பது வருடம் கழித்தும் வரும். கவுன்சில் தளத்தில் அந்த முகவரியின் பழைய விண்ணப்பங்களைத் தேடி, கட்டடத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அனுமதி இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். இது ஒரு பின்னேர வேலை. காசும் செலவில்லை.

2. வாங்கும்போது

ஏலத்தில் எடுக்க ஆசைப்படுவீர்கள், விலை குறைவாகத் தெரியும். சுத்தியல் விழுந்த நிமிடமே ஒப்பந்தம் முடிந்தது. வழக்கமாக 10 வீதம் அன்றைக்கே கட்டவேண்டும், மீதி 28 நாளில். அனுமதி கிடைக்குமா என்று பார்க்க அவகாசமே இல்லை. முடிந்தால், அனுமதி கிடைத்தால் வாங்குவோம் என்ற நிபந்தனையுடன் ஒப்பந்தம் பேசுங்கள். விற்பவர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைப்பது. நீண்டகாலம் விற்காமல் கிடக்கும் கட்டடமென்றால் ஒத்துக்கொள்கிறார்கள்.

பழைய ஆலயங்களின் காணி உறுதியில் கட்டுப்பாடுகள் இருக்கலாம்: மதுபானம் கூடாது, வேறு சமய வழிபாடு கூடாது, புதைகுழிகளைத் தொடக்கூடாது, புதைக்கப்பட்டவர்களின் உறவினர் வந்துபோக வழிவிட வேண்டும். சரஸ்வதி பூசை செய்யும் பள்ளிக்கூடத்துக்கு இரண்டாவது கட்டுப்பாடு சின்ன விஷயமல்ல. சட்டத்தரணியிடம் இதை மட்டும் தனியாகக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். ‘எல்லாம் சரி’ என்று தொலைபேசியில் சொல்வது பதில் இல்லை.

கட்டடத்தைத் தனியாட்களின் பெயரில் வாங்காதீர்கள். பதிவுசெய்த சாரிட்டி வாங்கினால், தன் அறநோக்கத்துக்காக வாங்கும் கட்டடத்துக்கு முத்திரை வரி விலக்குக் கேட்கலாம். கேட்டால்தான் கிடைக்கும், தானாக வராது. பெயர் மாற்றும் நாளிலேயே காப்புறுதியும் தொடங்க வேண்டும். ஆளில்லாத கட்டடத்துக்கான காப்புறுதி விலை கூட, கிழமைக்கு ஒருமுறை போய்ப் பார்த்துக் குறித்து வைக்கவேண்டும் என்றும் கேட்பார்கள். ஒரு நல்ல செய்தி: லிஸ்டட் கட்டடம் வெறுமையாக இருக்கும் காலத்துக்கு வர்த்தகச் சொத்துவரி இல்லை. பாவிக்கத் தொடங்கியபின் சாரிட்டிக்கு 80 வீதக் கழிவு உண்டு.

3. யாரை வேலைக்கு வைப்பது

ஒவ்வொரு சங்கத்திலும் வீடு கட்டித்தரும் ஒரு தம்பி இருப்பார். நல்ல பிள்ளை, பாதி விலைக்குச் செய்வார். இந்த வேலைக்கு அவரைக் கூப்பிடாதீர்கள். அவர் கெட்டிக்காரர் இல்லை என்பதல்ல. அவர் படித்தது சீமெந்து, இந்தக் கட்டடம் நிற்பது சுண்ணாம்பில்.

கட்டடக்கலைஞரை, ரீபா என்ற பிரித்தானியக் கட்டடக்கலைஞர் நிறுவனத்தின் மரபுக்கட்டடப் பதிவேட்டிலோ, மரபுக்கட்டட வேலையில் தகுதி பெற்றவர்களுக்கான ஏ.ஏ.பி.சி. பதிவேட்டிலோ பார்த்து எடுங்கள். மரபுக்கட்டடங்களில் பழகிய பொறியியலாளருக்குக் ‘கேர்’ என்ற தனிப் பதிவேடு உண்டு. சாதாரணப் பொறியியலாளர் பழைய உத்தரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இரும்பு வைக்கச் சொல்வார். பழகியவர் அது நூறு வருடத்துக்கு மேல் எதைத் தாங்கியது என்று முதலில் பார்ப்பார். எங்கள் மேல்மாடத்தில் இந்த வித்தியாசம் மட்டும் இரண்டு இரும்பு உத்தரங்களின் செலவைக் குறைத்தது. சின்னச் சந்தேகங்களுக்கு, 1877இல் வில்லியம் மொறிஸ் தொடங்கிய பழங்காலக் கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தொலைபேசியில் இலவசமாக ஆலோசனை சொல்கிறது.

4. ஆய்வுகள், முக்கியமாக வௌவால்

கட்டட நிலை அறிக்கை, அளந்து வரைந்த படங்கள், அஸ்பெஸ்டஸ் ஆய்வு, வௌவால் ஆய்வு. இந்த நாலும் இல்லாமல் வேலை நகராது.

அஸ்பெஸ்டஸ் 1999 வரை பாவனையில் இருந்த பொருள். கட்டடம் 1870 ஆக இருந்தாலும் 1960களில் போட்ட கொதிகலன் அறையில் அது இருக்கலாம். சாதாரணப் பராமரிப்பு ஆய்வு போதாது, சுவரைத் திறந்து பார்க்கும் புனரமைப்பு ஆய்வு தேவை. அப்படித் திறப்பதற்கே கவுன்சிலிடம் கேட்கவேண்டிவரலாம் என்பதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

வௌவால் விஷயம் சிரிப்பாகத் தெரியும். எங்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது. வௌவாலும் அது தங்கும் இடமும் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. முதற்கட்டப் பார்வையை வருடத்தில் எப்போதும் செய்யலாம். கூரைக்குள் இடுக்கு இருக்கிறது, வௌவால் தங்கக்கூடும் என்று அதில் வந்தால், இருட்டும் நேரத்தில் வெளியே நின்று எண்ணும் ஆய்வு வேண்டும். அதை மே முதல் செப்டெம்பர் வரைதான் செய்யலாம். நாங்கள் ஆள் பிடித்தது ஒக்டோபரில். அடுத்த மே வரை ஏழு மாதம் கூரையைத் தொடாமல் காத்திருந்தோம். கடைசியில் ஒரு வௌவால்கூட இல்லை. ஆகவே கட்டடம் கைக்கு வரும் மாதம் எதுவாக இருந்தாலும், ஒரு நாட்காட்டியை எடுத்து மே மாதத்தை முதலில் வட்டமிடுங்கள்.

5. இரண்டு அனுமதியையும் குழப்பாதீர்கள்

பிளானிங் பெர்மிஷன் வேறு, லிஸ்டட் பில்டிங் கன்சென்ட் வேறு. முதலாவது, கட்டடத்தின் பயன்பாடும் வெளித்தோற்றமும் பற்றியது. இரண்டாவது, அதன் மரபுப் பெறுமதியைப் பாதிக்கும் எந்த மாற்றமும் பற்றியது, உள்ளே என்றாலும். இவை இரண்டும் கிடைத்தபின்னும் கட்டட ஒழுங்குவிதி என்று மூன்றாவது ஒன்று உண்டு. ஒன்று கிடைத்தால் மற்றதும் கிடைத்த மாதிரி என்று நினைத்து மாட்டிக்கொண்ட சங்கங்கள் உண்டு.

கட்டடத்தை எதற்குப் பாவிக்கிறார்கள் என்று பிரிக்கும் பயன்பாட்டு வகுப்பு உங்களுக்குச் சாதகமாக இருக்கலாம். 2020 செப்டெம்பர் முதல் வழிபாட்டிடம், பள்ளிக்கூடம், நூலகம், பொது மண்டபம் எல்லாம் ‘எஃப் 1’ என்ற ஒரே வகுப்பு. ஆகவே சிற்றாலயத்தைப் பள்ளிக்கூடமாக்கப் பயன்பாட்டு மாற்ற அனுமதி பொதுவாகத் தேவையில்லை, பழைய அனுமதியில் வேறு நிபந்தனை இல்லாவிட்டால். கன்சென்ட் தேவை. பப் அப்படியல்ல, அது எந்த வகுப்பிலும் சேராதது, பயன்பாட்டு மாற்றத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். கல்யாணம், சாமத்தியவீடு என்று மண்டபத்தை வாடகைக்கு விடுவதே முக்கிய வருமானமாகிவிட்டால், இது பள்ளிக்கூடமல்ல, வேறு பயன்பாடு என்று கவுன்சில் சொல்லக்கூடும்.

விண்ணப்பிக்க முதல், கவுன்சிலில் மரபுக்கட்டடங்களைப் பார்க்கும் கன்சர்வேஷன் ஒஃபிசரோடு கட்டண ஆலோசனை ஒன்று எடுங்கள். கட்டணம் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். வெற்றுக்கையோடு போகாமல் ஒரு வரைபடத்தில் மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போங்கள். எங்கள் கேள்வி, ‘வாங்குகளில் எத்தனையைக் கழற்றலாம்?’ நாங்கள் முழுவதையும் என்று நினைத்துப் போனோம். மேல்மாடத்தில் உள்ளவை அப்படியே இருக்கட்டும், கீழே இரண்டு வரிசை சுவரோரம் இருக்கட்டும், மிச்சத்தை எடுக்கலாம் என்றார். அந்தச் சுவரோர வாங்குகளில்தான் இப்போது பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் இருக்கிறார்கள்.

6. விண்ணப்பக் கட்டு

கன்சென்ட் விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. பயன்பாட்டு மாற்றத்துக்கான பிளானிங் விண்ணப்பம் ஏறத்தாழ 600 பவுண். விலை கூடியது அதற்கு வைக்கவேண்டிய தாள்கள்: இட வரைபடம், இப்போதுள்ள நிலையும் மாற்றப்போவதும் காட்டும் படங்கள், வடிவமைப்பும் அணுகலும் பற்றிய அறிக்கை, மரபுப் பெறுமதி அறிக்கை, ஒவ்வொரு அறையிலும் செய்யும் வேலையின் பட்டியல், வௌவால் அறிக்கை, நிறைய ஒளிப்படங்கள். கட்டடம் இன்னும் உங்கள் பெயரில் இல்லாவிட்டால் சொந்தக்காரருக்கு முறைப்படி அறிவித்த சான்றும் வேண்டும். அதை மறந்தால் திருப்பி அனுப்புவார்கள்.

மரபுப் பெறுமதி அறிக்கையை வரலாற்றுக் கட்டுரையாக எழுதி முடித்துவிடாதீர்கள். எங்கள் முதல் அறிக்கை அப்படித்தான் இருந்தது; யார் கட்டினார்கள், எந்த வருடம் என்று பன்னிரண்டு பக்கம். கவுன்சில் கேட்பது வேறு. இந்தக் கட்டடத்தில் எது பெறுமதியானது, நீங்கள் செய்யும் எந்த வேலை அதைப் பாதிக்கிறது, எவ்வளவு பாதிக்கிறது, அதைக் குறைக்க என்ன செய்தீர்கள், அதற்கு ஈடாகப் பொதுமக்களுக்கு என்ன கிடைக்கிறது. தேசியத் திட்டமிடல் கொள்கையில் பாதிப்பைப் பொதுநன்மையோடு நிறுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறது. சங்கங்களுக்கு உள்ள மிகப் பெரிய பலம் அதுதான். ‘சமூகத்துக்குப் பயன்படும்’ என்று பொதுவாக எழுதாமல், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் திறந்திருக்கும், எத்தனை பிள்ளைகள், எத்தனை முதியவர்கள், அயலவர்கள் எப்போது பாவிக்கலாம் என்று எண்களில் எழுதுங்கள்.

சட்டப்படி முடிவுக்கு 8 கிழமை. அது நீங்கள் அனுப்பிய நாளிலிருந்தல்ல, விண்ணப்பம் முழுமையானது என்று கவுன்சில் ஏற்ற நாளிலிருந்து. மேலதிக அவகாசம் கேட்டு மின்னஞ்சல் வருவதும் சாதாரணம். மூன்று மாதம் முதல் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயன்பாட்டு மாற்றமும் சேர்ந்திருந்தால் அயலவர்களின் எதிர்ப்பு பெரும்பாலும் கார் தரிப்பிடம் பற்றியே வரும், மரபு பற்றி அல்ல. சனிக்கிழமை காலை யார் வாசலில் நின்று கார்களை ஒழுங்குபடுத்துவது என்று ஒரு பக்கத் திட்டம் சேர்த்து வையுங்கள்.

அனுமதி கிடைத்தால் வழக்கமாக மூன்று வருடத்துக்குள் வேலையைத் தொடங்க வேண்டும். மறுத்தால் ஆறு மாதத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம். அதைவிட, ஏன் மறுத்தார்கள் என்று கேட்டுத் திருத்தித் திரும்பப் போடுவது விரைவு.

7. காசு

பழைய ஆட்கள் ‘லிஸ்டட் என்றால் வற் வரி இல்லை’ என்பார்கள். அது 2012 ஒக்டோபர் 1 இல் முடிந்த கதை. இப்போது திருத்த வேலைக்கும் அனுமதி பெற்ற மாற்ற வேலைக்கும் 20 வீதம். 3 இலட்சம் பவுண் வேலை என்றால் 60,000 வரி, பெரும்பாலான சங்கங்களால் அதைத் திரும்பப் பெற முடியாது. எங்கள் முதல் வரவுசெலவுத் திட்டத்தில் இந்த வரி இல்லவே இல்லை. பொருளாளர் அன்றைக்கு இரவு நித்திரை கொள்ளவில்லை.

ஆனால் சாரிட்டிக் கட்டடத்தில் மாற்றுத்திறனாளிகளுக்காகச் சாய்தளம் கட்டுவது, வாசலை அகலமாக்குவது, அவர்களுக்கான கழிப்பறை அமைப்பது போன்றவற்றுக்குப் பூச்சிய வரி கிடைக்கலாம். ஒப்பந்தக்காரர் பில் எழுத முதல் அவரிடம் தகுதி உறுதிக் கடிதம் கொடுங்கள். அந்த வேலைகளை விலைப்பட்டியலில் தனியாகப் பிரித்து எழுதச் சொல்லவும் வேண்டும்.

நிபுணர்களின் கட்டணத்துக்கு வேலைச் செலவில் 15 வீதமாவது ஒதுக்குங்கள். எதிர்பாராத செலவுக்கு இன்னொரு 20. புதுக் கட்டடக்காரர் 5 அல்லது 10 போதும் என்பார். பலகையைக் கிளப்பினால் கீழே என்ன இருக்கும் என்று அவருக்கும் தெரியாது.

மானியத்தில் பெரியது தேசிய லொத்தர் மரபு நிதி. 10,000 முதல் 2,50,000 பவுண் வரை ஒரே கட்ட விண்ணப்பம். அதற்கு மேல் ஒரு கோடி வரை இரண்டு கட்டம்; பத்து இலட்சம் வரையான தொகைக்கு 5 வீதம், அதற்கு மேல் 10 வீதம் நீங்கள் போடவேண்டும். தொடங்கிவிட்ட வேலைக்குக் காசு தரமாட்டார்கள். ‘கூரையை இப்போது போடுவோம், மானியம் வந்ததும் எடுத்துக்கொள்ளலாம்’ என்று நிர்வாகசபையில் யாராவது சொன்னால் உடனே மறித்துவிடுங்கள். ஆக்கிடெக்சரல் ஹெரிட்டேஜ் ஃபண்ட் சாரிட்டிகளுக்குத் தொடக்க ஆய்வுக்கான சிறு மானியமும் பிறகு கடனும் கொடுக்கிறது. எதிலும் கைவைக்க முதல் அந்தக் கதவைத் தட்டுவதுதான் நல்லது. நாங்கள் தட்டியது பிந்தி.

ஒரு சின்ன யோசனை. ஒவ்வொரு செப்டெம்பரிலும் நடக்கும் மரபுத் திறந்த நாட்களில் கட்டடத்தைத் திறந்து அயலவர்களைக் கூப்பிடுங்கள். எங்கள் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்ற ஒரு மூதாட்டி வந்தார், பழைய படங்கள் தந்தார். அந்தப் படங்களில்தான் சுவரின் பழைய நிறம் தெரிந்தது. மானிய விண்ணப்பத்திலும் அவை போயின.

8. வேலை நடக்கும்போது

கன்சென்ட் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். நிபந்தனைகள் அங்கேதான் இருக்கும்: சாந்தின் மாதிரியைக் காட்டிய பிறகே சுவர் இணைப்பைத் தொடலாம், ஓட்டின் மாதிரி, யன்னல் விவர வரைபடம். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒப்புதல் வாங்கவேண்டும், ஒவ்வொன்றுக்கும் பல கிழமை. ஒப்பந்தக்காரர் சாரம் கட்டி வாடகை ஏறிக்கொண்டிருக்கும்போது சாந்து மாதிரிக்குக் காத்திருப்பது போல வயிற்றெரிச்சல் வேறில்லை. சாரம் வர முதலே மாதிரிகளை முடியுங்கள்.

சுவர் ஈரமாக இருந்தால் ஊசிபோட்டு மருந்து ஏற்றும் கம்பனிகள் வரும். அனுப்பிவிடுங்கள். பாதி ஈரம் உடைந்த பீலியாலும், வெளியே நிலமட்டம் உயர்ந்ததாலும், யாரோ பூசிய சீமெந்தாலும் வருவது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளிழுத்து வெளிவிடும். மேலே சீமெந்தைப் பூசினால் அந்த ஈரம் கல்லுக்குள் அடைபட்டு, உறைபனியில் கல்லின் முகமே உதிரும். சுண்ணாம்பு வேலைக்கும் காலம் உண்டு. வெப்பம் 5 பாகைக்குக் கீழே போனால் நிறுத்தவேண்டும். ஏப்ரலில் தொடங்கி ஒக்டோபருக்குள் முடிப்பது புத்தி.

தீப்பிழம்போடு கூரை ஒட்டும் வேலையை ஒப்பந்தத்திலேயே தடைசெய்யுங்கள். காப்புறுதிக் கம்பனிக்கு வேலை தொடங்க முதல் எழுத்தில் அறிவியுங்கள். சுவர் பக்கத்து வீட்டோடு பொதுவாக இருந்தால் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு மாத அறிவித்தல் தேவை.

9. கதவைத் திறக்க முதல்

மண்டபத்தின் பரப்பளவை வைத்து எத்தனை பேர் என்று கணக்கிடாதீர்கள். வெளியேறும் வழிதான் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும். ஒரே வழி என்றால் 60 பேர்தான். 60 பேருக்கு மேலென்றால் கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும். பழைய ஆலயக் கதவு உள்பக்கம் திறக்கும், அதைத் திருப்பிப் போடக் கன்சென்ட் கிடைக்காது. ஆட்கள் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் இரண்டு கதவையும் திறந்து கொளுவி வைப்போம், அதற்கு ஒருவர் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்து ஒப்புதல் பெற்றோம். மார்கழியில் குளிர்தான்.

மேல்மாடத்தின் முன்தடுப்பு பழைய கட்டடங்களில் இடுப்பளவுக்கும் குறைவு. இன்றைய விதி பொதுவாக 1,100 மில்லிமீற்றர் கேட்கும். தடுப்பில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். பின்னால் தனியாக நிற்கும் மெல்லிய உலோகக் கைபிடி ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார்கள். அதுவரை மேல்மாடம் பூட்டுத்தான், ஒளிவிழாவுக்கும் திறக்கவில்லை.

குசினியைத் தொடக்கத்திலேயே யோசியுங்கள். நாங்கள் கடைசியில் யோசித்தோம். பொரியல் புகை போகக் குழாய் வேண்டும், குழாய் போகக் கூரையைத் துளைக்க வேண்டும், துளைக்க இன்னொரு கன்சென்ட் வேண்டும். கூரைக்குப் புது ஓடு போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இப்போது சமையல் வெளியில், இங்கே சூடாக்கல் மட்டும்.

அனுமதிக் கடிதங்கள், நிபந்தனை ஒப்புதல்கள், ஒளிப்படங்கள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வையுங்கள். செயலாளர் மாறும்போது திறப்போடு சேர்த்துக் கைமாற வேண்டியவை அவை. வருடத்துக்கு இரண்டு முறை, இலை கொட்டி முடிந்த பிறகு ஒருமுறை கட்டாயம், பீலிகளைத் துப்புரவாக்கக் காப்புறுதியுள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள். கீழே கொட்டிய இலையைக் கூட்டி அள்ள நாங்கள் இப்போதும் சிரமதானம்தான் வைக்கிறோம். அதற்குக் கன்சென்ட் தேவையில்லை, கேட்டுப் பார்த்தோம்.